திரையை மறந்த கூட்டம்

27.12.2009, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. சிறுவர் கழகக் கூட்டம்.

வந்திருந்தவர்கள்:

நிலோஜன், வயது பதின்மூன்று, தலைவர்.
வினோஜன், வயது பன்னிரண்டு, பொருளாளர்.
வதனி, வயது பதினொன்று, செயலாளர்.
தக்ஷாயினி, வயது எட்டு, உறுப்பினர்.
இன்னும் எட்டு உறுப்பினர்கள்.
திரு. நல்லரத்தினம், அமைப்பின் அலுவலர்.
ஓர் ஆடு.

"ஆட்ட வெட்டு," என்றான் நிலோஜன், கொப்பியை எட்டிப் பார்த்து.

"ஏன்? வந்ததுதானே," என்றாள் வதனி.

"அது என்ட ஆடு," என்றாள் தக்ஷாயினி. ஆடு பட்டியலிலேயே இருந்தது.

செட்டிபாளையத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு வீட்டுத்திட்டம் உண்டு. சுனாமிக்குப் பிறகு கட்டியது. நாற்பது வீடுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். புதிதாக வருகிறவர்கள் அடுத்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வெளிநாட்டுக் காசில் வேலை செய்த ஒரு தொண்டு அமைப்புத்தான் வீடுகளைக் கட்டியது. சிறுவர் கழகத்தைத் தொடங்கியதும் அதுதான். சுனாமி வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. மே மாதத்தில் யுத்தமும் முடிந்துவிட்டது. அமைப்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

"கழகத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம் இருக்குது," என்றார் நல்லரத்தினம் சேர். "முப்பத்தோராம் திகதிக்குள்ள பொருளை வாங்கி, பில்லைத் தரவேணும். இல்லாட்டி காசு திரும்பிப் போயிரும். என்ன வாங்கிற எண்டு பிள்ளைகளே தீர்மானிக்கலாம். ஒரு தண்ணித்தாங்கி, ஒரு புத்தக அலுமாரி..."

"கம்பியூட்டர்," என்றான் நிலோஜன்.

சேரின் முகம் மலர்ந்தது. "நல்லம். படிப்புக்கு."

"இல்ல சேர். கேம் விளையாட."

சேரின் முகம் பழைய நிலைக்குத் திரும்பியது. "வேற ஆருக்கும் வேற யோசனை?"

பன்னிரண்டு கைகள் கணினிக்கு உயர்ந்தன. சேர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ‘சிறுவர் சொல்வதே முதல்’ என்று ஒரு பதாகை தொங்கியது. அதை முந்தின நாள் கட்டியவர் அவர்தான்.

"சரி," என்றார்.

வதனி எழுதினாள். அவளுக்கு அந்தக் கணினி வேண்டும். களுவாஞ்சிக்குடியில் காசு கொடுத்துக் கணினி பாவிக்கும் ஒரு நெற் கஃபே இருக்கிறது. அங்கே நிலோஜன் கார் ஓட்டி விளையாடுவதை அவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே போகக் கேட்டபோது, "பொம்புளப் புள்ளைகளுக்கு இஞ்ச என்ன வேல?" என்று அந்தக் கடைப் பையன் கேட்டான். மலைப்பாதையில் அந்தச் சிவப்புக் கார் வளைவது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. அதை ஒரு தரம் ஓட்டவேண்டும். வேறொன்றும் இல்லை.

நிலோஜன் பாகங்களைச் சொன்னான். தாய்ப்பலகை, புரோசசர், மெமறி, ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை.

"எல்லாத்தையும் விட முக்கியம் கிராபிக்ஸ் கார்ட். அது இல்லாட்டி கார் ஓடாது. படம் நிண்டு நிண்டு வரும்."

"நீல லைட் எரியிற பெட்டியும் வேணும்," என்றான் வினோஜன்.

"லைட் எரிஞ்சா கார் வேகமாப் போகுமா?"

"போகாது. ஆனா வடிவா இரிக்கும்."

இதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். முடிவு வரவில்லை. ஆடு வெளியே போய்விட்டது. அதையும் வதனி எழுதிவைத்தாள்.

புதன்கிழமை காலை நிலோஜன், வினோஜன், வதனி மூன்று பேரும் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனார்கள். அண்ணன் முறையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் மஜீட்டின் கணினிக் கடை பிரதான வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. காக்கா பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பாகமாக மேசையில் எடுத்து வைத்தார். கணிப்பான் தட்டினார்.

"முப்பத்தொன்பதாயிரம். பூட்டித் தாறதுக்குக் கூலி இல்ல. நீங்க புள்ளைகள்."

"ஆயிரம் மிச்சம்!" என்றான் வினோஜன். "நீல லைட்!"

"மறுகா, திரை என்ன அளவுல வேணும்?" என்று காக்கா கேட்டார்.

கீழே புடவைக் கடையில் யாரோ விலை பேசுவது கேட்டது.

"திரை மகன், திரை. படம் தெரியிற சாமான்."

நிலோஜன் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு கீழிருந்து மேலே பார்த்தான். நெற் கஃபேயில் திரை எப்போதும் மேசையில்தான் இருக்கும். மேசைக்குக் கீழே இருப்பது பெட்டி. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றியே எல்லாரும் யோசித்தார்கள். தெரிந்ததை மறந்துவிட்டார்கள்.

"எவ்வளவு காக்கா?" என்றான் மெதுவாக.

"மலிஞ்சது பன்னிரண்டாயிரம்."

வினோஜன் விரல்களை மடக்கினான். பதினோராயிரம் குறைந்தது.

"ஒரு வழி இரிக்கு," என்றார் காக்கா. "இந்தக் கிராபிக்ஸ் கார்ட எடுப்பம். ஒம்பதினாயிரத்தி ஐநூறு போயிரும். மெமறியப் பாதியாக்குவம். இன்னொரு ரெண்டாயிரத்தி ஐநூறு. திரையும் சேத்து முப்பத்தொன்பதுக்கே வரும்."

"கார் ஓடுமா?"

"கார் ஓடா. கடிதம் எல்லாம் நல்லா ரைப் பண்ணலாம்."

"சரி, என்ன செய்யிற?" என்றான் நிலோஜன். தோற்றுப்போன முகம். "நாளைக்குக் கடைசி நாள். ரைப் பண்ணுவம்."

"எழுதுறத்துக்கு எனக்குக் கொப்பி இரிக்கு," என்றாள் வதனி.

அவள் கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பச்சைப் பலகை, சின்ன மின்விசிறி. ஓரத்தில் ஒரு பெரிய ஓட்டை, பக்கத்தில் ஒரு சின்ன வட்ட ஓட்டை.

"காக்கா, பெரிய ஓட்டை திரைக்கு. இந்தச் சின்னது என்னத்துக்கு?"

"அதா? அது டீவிக்கு மகள். மஞ்சள் முனை வயர் ஒண்டு கூடவே வரும். இப்ப ஆரும் அதப் பாவிக்கிறல்ல. டீவில எழுத்து எறும்பு ஊர்ற மாதிரித் தெரியும்."

"கார்?"

காக்கா யோசித்தார். "கார் நல்லாத் தெரியும். டீவில மஞ்சள் ஓட்டை இரிக்கோணும், அவ்வளவுதான். உங்கட்ட டீவி இரிக்கா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டீவி இருந்தது. மாதர் சங்கத்துக்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு டீவி வந்தது. கொடுத்தவர்கள் படம் எடுத்தார்கள். அவர்கள் போனதும் சங்கத் தலைவி இலட்சுமிப்பிள்ளை அதைப் பொலித்தீனில் சுற்றி இரும்பு அலுமாரிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் சாமான வச்சிருங்க காக்கா," என்றாள் வதனி.

ஊர் திரும்பி நேரே வீட்டுக்குப் போனபோது இலட்சுமிப்பிள்ளை மாமி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்த மாதர் சங்கத்து டீவி..." என்று நிலோஜன் தொடங்கினான்.

"ஏலா."

"நாங்க இன்னும் கேக்கவே இல்லயே!"

"கேக்க முதலே செல்லிட்டன். உங்களுக்கும் நேரம் மிச்சம், எனக்கும் மிச்சம்."

"மூணு வருசமாச் சும்மாதானே மாமி கிடக்கு?" என்றான் வினோஜன்.

"சும்மா கிடக்கிறதாலதான் நல்லாக் கிடக்கு."

நிலோஜன் வதனியைப் பார்த்து, போகலாம் என்று தலையை ஆட்டினான். வதனி நகரவில்லை.

"மாமி, அது பழுதாப் போனா ஆரிட்டக் கேப்பாங்க?"

கத்தி நின்றது.

"என்னட்டத்தான் கேப்பாங்க. வேற ஆரிட்ட? முந்திப் பன்னிரண்டு தையல் மெசின் தந்தாங்க. ஒண்ட ஆரோ கொண்டுபோய்த் திருப்பித் தரல்ல. ஆறு மாசம் ஒபிசுக்கு நடந்தன் புள்ள. ‘மெசின் எங்க, மெசின் எங்க?’ நான் என்ன, திண்டுட்டனா?"

வினோஜன் சிரித்தான். மாமி கத்தியை அவன் பக்கம் திருப்பியதும் நிறுத்திக்கொண்டான்.

வதனி தரையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு வாசித்தாள்.

"டீவி மாதர் சங்கக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. கழகத்தின் கணினி அங்கே கொண்டுவரப்படும். டீவி பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர்கள் கழகத்தின் பன்னிரண்டு பேர். இலட்சுமிப்பிள்ளை மாமி அல்ல."

மாமி கையைக் கழுவினார். சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"கடைசி வரிய இன்னொருக்கா வாசி."

வதனி வாசித்தாள்.

"‘ஒருக்காலும் அல்ல’ எண்டு போடு."

வதனி போட்டாள்.

"பன்னிரண்டு பேரும் ஒப்பம் வைக்கோணும். சின்னதுகளும்."

பொழுதுபடுவதற்குள் பன்னிரண்டு ஒப்பமும் விழுந்தன. தக்ஷாயினியின் பெயர் அரைப் பக்கத்தை எடுத்துக்கொண்டது.

மாமி மாதர் சங்கக் கட்டடத்துக்கு வந்து அலுமாரியைத் திறந்தார். பொலித்தீனுக்குள் பல்லி முட்டைகள் மூன்று இருந்தன. திருகாணிகளில் உப்புக் காற்றின் துரு ஏறியிருந்தது. முன்பக்க மூடியைத் தள்ளினால் உள்ளே மஞ்சள் ஓட்டை. அது சரி. ஆனால் டீவி வேலை செய்யவேண்டுமே.

நிலோஜன் பிளக்கைச் செருகினான். சிவப்புப் பொட்டு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"செத்துப் போச்சு," என்றான் வினோஜன்.

"பொறு," என்றாள் வதனி.

உள்ளே ஏதோ இரைந்தது. திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறம் வந்தது. அது மெல்ல விரிந்து, திரை முழுக்கப் புள்ளிகள் துள்ளின.

"மூணு வருசமா இது உள்ளுக்கு இதத்தான் செஞ்சிட்டு இரிந்ததா?" என்று மாமி கேட்டார்.

வியாழக்கிழமை காலை மஜீட் காக்கா பாகங்களைப் பூட்டி, கார் விளையாட்டையும் ஏற்றித் தந்தார். கார்ட் உள்ளே போனது. மெமறி முழுசாகப் போனது. திரை வாங்கவில்லை. கையில் ஆயிரம் ரூபாய் இருந்தது.

"நீல லைட்," என்றான் வினோஜன்.

"ஜோய்ஸ்டிக்," என்றாள் வதனி. "தொளாயிரத்தி ஐம்பது. அது இரிந்தா ஒரு நேரத்தில ரெண்டு பேர் ஓட்டலாம்."

"லைட்ட பன்னிரண்டு பேரும் பாக்கலாமே!"

"நேத்து ராத்திரி சீட்டுக் குலுக்கினதில உனக்கு எத்தினையாவது முறை?"

"எட்டாவது."

"ரெண்டு பேர் ஓட்டினா நாலாவது."

வினோஜன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஜோய்ஸ்டிக்கைத் தானே எடுத்துக் காக்காவிடம் கொடுத்தான். படியிறங்கும்போது மட்டும் நீல லைட் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். ஒரு சிப்பாய் அட்டைப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தான்.

"என்ன?"

"கேம்," என்றான் நிலோஜன்.

சிப்பாய் இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"கிரிக்கெட்?"

"கார்."

சிப்பாய்க்கு ஆர்வம் போய்விட்டது. பெட்டியை மூடிக் கையால் போகச் சொன்னான். வினோஜன் பில்லைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

மாலை ஐந்து மணிக்கு நல்லரத்தினம் சேர் கமெராவோடு மாதர் சங்கக் கட்டடத்துக்கு வந்தார். கணினி மேசையில் இருந்தது. டீவி அதன் இடத்திலேயே இருந்தது. நடுவில் மஞ்சள் முனை வயர் ஓடியது. கழகத்தின் பன்னிரண்டு பேரும் பாயில் இருந்தார்கள். இலட்சுமிப்பிள்ளை மாமி முன்னால் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க, ‘அம்மா’ எண்டு எழுதிக் காட்டுங்க பாப்பம்," என்றார் சேர்.

நிலோஜன் எழுதினான். டீவியில் ஏதோ ஊர்ந்தது.

"இது என்ன எழுத்து?"

"அதுதான் சேர் ‘அம்மா’. டீவில எழுத்துத் தெளிவில்ல."

"அப்ப படிப்புக்கு?"

"கார் தெளிவாத் தெரியும் சேர்."

சேர் ஒரு பெருமூச்சு விட்டார். படம் எடுத்தார். பில்லை வாங்கி, கூட்டிப் பார்த்து, ஒப்பம் வைத்தார். வேலை முடிந்தது. இனிக் காசு எங்கும் திரும்பிப் போகாது.

நிலோஜன் விளையாட்டைத் திறந்தான். மலைப்பாதை வந்தது. சிவப்புக் கார் வந்து நின்றது, பக்கத்தில் இன்னொரு கார். சீட்டில் முதலாவது பெயர் வதனியுடையது. இரண்டாவது தக்ஷாயினி. வதனி ஜோய்ஸ்டிக்கைப் பிடித்தாள். தக்ஷாயினி விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சேர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளைகளே, போக முதல் ரெண்டு வார்த்தை. கணினி எண்டது எப்படிப்பட்ட ஒரு சாதனம்? அதை நாங்க நல்ல வழியிலும் பயன்படுத்தலாம்..."

சிவப்புக் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. வீட்டுத்திட்டத்தில் ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் லைட் போடுவார்கள். கரண்ட் குறையும். அப்போது ஒன்றும் வேலை செய்யாது. வதனி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்தே முக்கால்.

"சேர், மழை வருது," என்றாள்.

"வரட்டும். அதேபோல, தீய வழியிலும்..."

"உங்கட மோட்டார் சைக்கிள்ள பேக் கிடக்கு சேர். கமெராப் பேக்."

சேர் யன்னலால் பார்த்தார். வாவிப் பக்கம் வானம் கறுத்து, முதல் துளிகள் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தன. பை திறந்தபடி இருக்கையில் கிடந்தது.

"கடவுளே!" என்று அவர் வெளியே ஓடினார்.

மாமி கதிரையில் இருந்தபடியே இடுப்பில் இருந்த கதவுத் திறப்பை எடுத்து நீட்டினார்.

"கெதியாப் போய்ப் பூட்டு புள்ள. அந்த மனிசன் திரும்பி வந்துரும்."

வதனி ஒரு கையில் ஜோய்ஸ்டிக்கோடு, வயர் எட்டும் மட்டும் போனாள். கதவு வரைக்கும் அது எட்டவில்லை. ஜோய்ஸ்டிக்கை வினோஜனிடம் கொடுத்து, "தொட்டியோ கொல்லுவன்," என்றாள். பிறகு ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, திறப்பை இரண்டு தரம் திருகிப் பூட்டினாள்.