தேவசகாயத்தின் ஷிப்ட் நேரம்

வேலூரில் பழைய வார்டு ஒன்றை மாற்றிக் கட்டிய ஆய்வுக்கூடம் அது. 1998, கார்த்திகை மழை. காலை ஏழே முக்காலுக்கு ஆராய்ச்சி மாணவி பெர்சிஸ் கதவைத் திறந்ததும், சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. ஆம்பூரில் பிறந்தவளுக்கு அது தோல் பதனிடும் டேனரியின் நாற்றம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஃபினாயில் போட்டுத் துடைத்த இந்த அறையில் எப்படி?

செல் வளர்க்கும் பெட்டியிலிருந்துதான் வந்தது.

அதற்குள் அவள் அப்பா இருந்தார். அதாவது, அவர் முட்டிக் குருத்தெலும்பின் செல்கள். தேவசகாயம் முப்பது வருஷம் டேனரியில் நின்று நின்றே முட்டி தேய்ந்த மனுஷன். ஆபரேஷனில் வெட்டியதை, "உன் படிப்புக்கு ஆவும்னா எடுத்துக்கம்மா" என்று அவரேதான் கொடுத்தார். மூன்றாம் நாள் நுரையீரலில் ரத்தம் கட்டிப் போய்ச் சேர்ந்தார். அவரில் உயிரோடு மிச்சம் இது ஒன்றுதான். கைக்குழந்தையைப் போல அதைப் பார்த்துக்கொண்டாள், பாவம்.

செல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. பாரம் விழுந்தால் திறக்கும், மின்சாரம் சுமந்த அயனிகள் பாயும். பாரம் போனால் மூடும். மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயால் செல்லைக் கவ்வி அந்த மின்சாரத்தை அளப்பதுதான் அவள் வேலை. அந்தப் பிடி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

எட்டு மணிக்குக் குழாய் ஒரு செல்லைப் பிடித்தது. விடவேயில்லை.

யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் வாசல் திறந்தது. மின்சாரத்தைக் கோடாக வரையும் காகிதச் சுருளில் முள் ஏறி நின்றது. ஒரு மணிக்கு இறங்கியது. ஒன்றரைக்கு மறுபடி ஏறியது.

டெக்னீஷியன் சர்தார் பாஷா, வாணியம்பாடிக்காரர், சுருளை இழுத்துப் பார்த்தார்.

"எர்த் கோளாறா பாய்?" என்றாள் பெர்சிஸ்.

"நேத்தும் இதே டைமாம்மா?"

"மூணு நாளா."

அவர் குரல் தணிந்தது. "மிஷின் ரிப்பேர் இல்லம்மா. இது ஷிப்டு. எங்கண்ணன் டேனரிலதான் இருக்கான். எட்டுக்கு ஏறுவான், ஒண்ணுக்கு சாப்பாடு, ஒன்றரைக்குத் திரும்ப நிப்பான்."

பெர்சிஸ் சுருளைத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

அப்பா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

செத்தும் அந்த மனுஷனுக்கு ஓய்வில்லை. பிடித்து வைத்திருப்பது அவள்தான்.

நாலரை மணிக்கு முள் நடுங்க ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில் அப்பாவின் கால் அப்படித்தான் நடுங்கும்.

"இந்த செல்லக் கொட்டிட்டாதான் அவர் உக்காருவாரு. ஆனா கொட்டிட்டா அப்பாவோடது ஒண்ணுமே மிச்சமில்ல பாய்." அழுதுவிட்டாள்.

"இன்னாம்மா பண்றது? வலி ஜாஸ்தியா இருக்கும்மா அவருக்கு." பாஷாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியிலிருந்த ஏழு குடுவைகளிலும் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினாள். கடைசியாகக் குழாய்க்கு அடியிலிருந்த தட்டு. கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள்.

"போதும்பா. உக்காருப்பா."

முள் சட்டென்று இறங்கி நேர்கோடு போட்டது. நாற்றமும் போய்விட்டது. பாஷா குடுவைகளை அள்ளிக்கொண்டு கழுவும் அறைக்குப் போனார். பெர்சிஸ் மேஜையில் தலை சாய்த்துத் தேம்பினாள்.

பக்கத்து ஸ்டூல் முனகியது.

திரும்பினாள். யாருமில்லை.

ஸ்டூலின் ரெக்சின் மெத்தை மெல்ல மெல்ல அமுங்கியது, ஓர் ஆள் உட்காருமளவுக்கு.

அப்புறம் அது எழும்பவே இல்லை.