தோற்கக் காத்திருந்த லின்னி

ஜோடிச் சீட்டு விளையாட்டில் லின்னி தன் அண்ணன் பிரென்ட்டை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. படச் சீட்டுகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, இரண்டிரண்டாகத் திருப்பி, ஒரே படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தத் தவளை எங்கே படுத்திருக்கிறது என்று பிரென்ட்டுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"ஆமை, உன் மூளை இன்னும் தூங்குதா?" என்று கிண்டல் செய்வான். லின்னிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த வியாழக்கிழமை லின்னி ஜெயித்துவிட்டாள். முதலில் துள்ளிக் குதித்தாள். பிறகுதான் யோசித்தாள். பிரென்ட் இப்போதுதான் பார்த்த சீட்டையே மறுபடி திருப்பினான். அடுத்த முறையும் அதையே திருப்பினான்.

"அந்த லைட்டை அணை. கண்ணு கூசுது" என்று சொல்லிவிட்டு மேஜையில் தலை சாய்த்துக்கொண்டான்.

டெக்சாஸில் அவர்கள் ஊரில் ஃபுட்பால் என்றால் பந்தைக் காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல. பந்தோடு ஓடுகிறவனை மோதிச் சாய்க்க வேண்டும். போன சனிக்கிழமை பிரென்ட் ஒருவனை மோதியபோது இருவரின் தலைக்கவசமும் இடித்துக்கொண்டன. எழுந்த பிரென்ட் தடுமாறி எதிரணியோடு போய் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். லின்னியும்தான் சிரித்தாள். இப்போது அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

அந்த மோதலுக்கு மறுநாள், மூளையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க அவனுக்குக் கம்ப்யூட்டரில் ஞாபகத் தேர்வு வைத்தார்கள். ஆட்டங்கள் தொடங்குமுன் வைத்த தேர்வில் என்ன மதிப்பெண்ணோ அதேதான் இப்போதும். "வித்தியாசம் ஒண்ணும் இல்ல. விளையாடலாம். அதுக்கு மேல நீங்க சொல்றதுதான்" என்று கோச் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த மதிப்பெண் ஏன் மாறவில்லை என்று லின்னிக்குத் தெரியும். முதல் தேர்வில் பிரென்ட் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பதில் சொல்லியிருந்தான். பெரிய பையன்கள் சொல்லிக்கொடுத்த தந்திரம் அது. அப்போதே மதிப்பெண் குறைந்திருந்தால், பிறகு அடிபட்டாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாதாம். அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தான்.

சமையலறையில் அம்மா டோனா போனில் பேசிக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன அப்பா மறுமுனையில் இருந்தார்.

"நீயே பாத்துக்கோன்னா எப்படிங்க? சனிக்கிழமை ஆட்டத்துக்கு அனுப்பாட்டி ஊரே அவனைப் பயந்தாங்கொள்ளிம்பாங்க. அவனும் என் முகத்துல முழிக்க மாட்டான். அனுப்பி ஏதாவது ஆச்சுன்னா?" அம்மாவின் குரல் உடைந்தது. "அவன் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லின்னி பிரென்ட்டின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"நான் ஜெயிச்சுட்டேன்" என்றாள்.

"தெரியும். போய் ஊரெல்லாம் சொல்லு."

"எனக்குப் பிடிக்கல, பிரென்ட். உன்னை நான் ஜெயிக்கவே கூடாது. பயமா இருக்கு."

அவன் தலையைத் தூக்கவில்லை. "சனிக்கிழமை நான் இல்லாட்டி தோத்துடுவாங்க" என்றான்.

"தோக்கட்டுமே. நான் உன்கிட்ட எத்தனை தடவை தோத்திருக்கேன். செத்தா போயிட்டேன்?"

பிரென்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தலை வலித்தது. கண்ணில் நீர் முட்டியது.

"நான் சத்தியத்தை மீற மாட்டேன்" என்றாள் லின்னி. "ஆனா நாளைக்கு ராத்திரி வரைக்கும்தான். அதுக்குள்ள நீயே சொல்லிடு."

அவன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்தபடி எழுந்து சமையலறைக்குப் போனான். "அம்மா, அந்த முதல் தேர்வுல நான் ஏமாத்திட்டேன்" என்று அவன் சொல்வது லின்னிக்குக் கேட்டது. அம்மா அவனைத் திட்டவில்லை. அவன் தலையைத் தன்மேல் மெல்லச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் அவனை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். இன்னொரு முறை தலை இடிபட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றும் சொன்னார். சனிக்கிழமை அவன் அணி தோற்றது. நண்பர்கள் யாரும் வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷம் விளையாடலாமா?" என்று பிரென்ட் கேட்டான்.

"தெரியலடா" என்றாள் அம்மா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தலைவலி விட்டபோதெல்லாம் கொஞ்ச நேரம் சீட்டு விளையாடினார்கள். லின்னிதான் ஜெயித்தாள். விட்டுக்கொடுக்க அவளுக்கு ரொம்ப ஆசை. ஆனால் விட்டுக்கொடுத்தால் இதுவும் அந்தத் தேர்வு மாதிரி ஆகிவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்தாள். ஜெயித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதாள். இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.

குளிர் வந்த ஒருநாள், பிரென்ட் ஒரு தவளையைத் திருப்பினான். கண்ணை மூடினான். மூலையில் இருந்த சீட்டைத் திருப்பினான். அங்கே இன்னொரு தவளை இருந்தது. அடுத்து வாத்து ஜோடி. அதற்கடுத்துப் படகு ஜோடி. மேஜை காலியானது.

"விட்டுக்கொடுத்தியா?" என்று சந்தேகமாகக் கேட்டான்.

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"அப்போ உன் மூளைதான் தூங்குது, ஆமை" என்றான் பிரென்ட்.

லின்னி சீட்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். இன்னொரு முறை தோற்க அவளுக்கு அவ்வளவு அவசரம்.