வுடு நைனா

சனிக்கிழமை மாலை பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுப் போன மிஷின் கைப்பிடி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்து பார்த்தபோது அரைச்சுற்று பின்வாங்கியிருந்தது.

தணிகாசலம் குனிந்து, கைப்பிடியை ஒட்டியிருந்த பித்தளை வளையத்தின் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தான். கண் ஏமாற்றவில்லை. ஞாயிறு முழுக்க மின்வெட்டு. மாலை ஆறு மணிக்குத்தான் லைன் வரும். நேற்று ஷெட்டைப் பூட்டியவனும் அவன்தான், இன்று திறந்தவனும் அவன்தான். வேலை முடிந்ததும் மேஜையை நகர்த்தும் திருகுதண்டின் தொளதொளப்பு நீங்கக் கைப்பிடியை அரைச்சுற்று பின்னால் தள்ளிவிட்டுப் போகிற பழக்கம் அங்கே ஒரே ஒரு கைக்குத்தான் இருந்தது. அது சடையப்பனின் கை. அந்தக் கையை எரித்து இருபத்தாறு நாள் ஆகிறது.

எலி கிலி தட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தக் கைப்பிடியைத் திருப்புகிற எலிக்குத் தோள் பலம் நிறைய வேண்டும்.

எழுபத்தெட்டில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே தன்னிடம் மட்டும்தான் அப்படி ஒன்று இருக்கப்போகிறது என்று முதலாளி இராமலிங்கம் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கையால் சுற்றிய மில்லிங் மிஷினுக்கு சர்வோ மோட்டார் மாட்டி, ஓட்டை போட்ட காகித நாடா சொல்கிறபடி மேஜை தானாக நகர வேண்டும். மோட்டாரையும் திருகுதண்டையும் ஒரு செயின் இணைத்தது; கைப்பிடியைச் சுற்றினாலும் அது ஓடும். பழைய கைப்பிடியைக் கழற்றிவிடலாம் என்று எலெக்ட்ரீஷியன் தணிகாசலம் சொன்னபோது, மிஷின் ஓட்டுகிற சடையப்பன் ஒப்பவில்லை.

"அது இருந்துட்டுப் போவட்டும் நைனா. கரண்டு போச்சின்னா மிஷினு இன்னா பண்ணும், பாவம்."

ஸ்விட்ச் போர்டு சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே நிற்பவனுக்கு மிஷின் தெரியாது. அதனால் சடையப்பன் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். போர்டில் நிற்பவன் "லைன் வுடறேன்" என்று கூவ வேண்டும். மிஷினடியில் இருப்பவன் "வுடு நைனா" என்று சொன்ன பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் பொழுது விடிகிறவரைக்கும் நிற்க வேண்டியதுதான். அவர் போர்டில் நின்றால் அப்படியே நிற்பார்.

அன்றைக்குத் தணிகாசலத்துக்கு அவசரம். ஆரம்பாக்கம் போகிற ஐந்தேகால் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். கூவினான். பதில் வரவில்லை. வந்த மாதிரி வைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டான். மிஷினடியில் படுத்துச் செயினைப் பார்த்துக்கொண்டிருந்த சடையப்பனின் கழுத்துத் துண்டை மோட்டார் இழுத்துச் சுருட்டிக்கொண்டது.

விசாரணையில் அவன் தடுமாறவே இல்லை. "வுடு நைனான்னாரு சார். நல்லா காதுல வுழுந்துச்சு." செத்தவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சடையப்பனின் மனைவி செல்லியம்மாள் ஷெட்டு வாசலுக்கு வந்தாள், அவனை மட்டும் பார்க்க. "கடைசியா எங்க ஊட்டுக்காரர் கொரலக் கேட்டது நீதான் தம்பி. எப்டி சொன்னாரு? ஒருவாட்டி சொல்லிக் காட்டுப்பா."

சொல்லிக் காட்டினான். தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கி, 'நைனா'வை இழுத்து. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவரேதான்" என்றாள். விசாரணையில் சொன்ன பொய் அவனுக்குச் செரித்துவிட்டது. இது செரிக்கவில்லை. அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தாலே குமட்டியது.

நாளைக் காலை மெட்ராஸிலிருந்து ஆட்கள் மிஷினைப் பார்க்க வருகிறார்கள். செயின் தளர்ந்திருந்தது. அதை இறுக்கிவிட்டால், மிஷின் ஓடிவிட்டால், யாரும் சடையப்பன் பேச்சையே எடுக்கமாட்டார்கள், உண்மையும் அவரோடு போய்விடும். அந்த நம்பிக்கையில்தான் தனியாக வந்திருந்தான்.

வாட்ச்மேன் மோசஸ் கதவருகே சைக்கிளோடு எட்டிப் பார்த்தார். "பிரேயருக்குப் போறேம்பா. ஏழுக்குள்ள வந்துர்றேன். ஆமா, உள்ள யாராண்ட பேசிக்கினு இருந்த?"

"யாரும் இல்லியே."

"ரெண்டு கொரல் கேட்டுச்சே. ரெண்டும் ஒன்னாட்டம்தான் இருந்துச்சு." அவர் பெல்லை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

தணிகாசலம் போர்டிலிருந்து மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். வியர்வையைத் துடைத்துத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சடையப்பன் படுத்த அதே இடத்தில் முதுகைத் தரையில் வைத்து, செயின் மூடியைத் திறந்து வலது கையை உள்ளே விட்டான். பகலெல்லாம் காய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயில் தாழத் தாழப் பட் பட்டென்று வெடித்துக்கொண்டிருக்க, தொட்டியில் புளித்துப்போன வெட்டு எண்ணெயின் வாடைக்கு நடுவே பன்னீர்ப் புகையிலை வாசனை ஒன்று, யாரோ பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தது போல, மெல்ல வந்து நின்றது.

சடையப்பன் போடும் புகையிலை. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று ஸ்பானரைப் போல்ட்டில் மாட்டினான்.

தலைக்கு மேலே கைப்பிடி கிறீச்சிட்டது.

அரைச்சுற்று.

பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே அவன் விரல்கள் நான்கும் போய் உட்கார்ந்தன. நசுக்கவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டது. இடது கையை நீட்டினான். கைப்பிடி எட்டவில்லை. உதறினான். செயின் விடவில்லை. தோளிலிருந்து நழுவிய துண்டின் முனை செயின்மேல் விழுந்து கிடந்ததை அவன் பார்த்தான்.

இன்னொரு அரைச்சுற்று.

துண்டு முனை உள்ளே போனது. கழுத்துச் சுற்று இறுகியது. கன்னம் இரும்பில் ஒட்டியது.

"மோசஸண்ணே," என்று கத்தினான். வெளியே காக்கை கத்தியது. அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரப்பர் செருப்பு தேய்கிற சத்தம். நிதானமாக. வலது காலைக் கொஞ்சம் இழுத்து. போர்டின் கதவு திறந்தது.

டக்.

ஃப்யூஸ் கட்டை உட்காரும் சத்தம். இடது கையால் சட்டைப் பையைத் தடவினான். இரண்டு இருந்தன.

டக். ஒன்று.

டக்.

பை காலி.

தூரத்தில் ஏதோ ஆலையில் சங்கு ஊதியது. ஆறு மணி. வாசல் விளக்கு தானாக எரிந்தது. லைன் வந்துவிட்டது.

"லைன் வுடறேன்."

சடையப்பனின் குரல். கோபம் இல்லை. எப்போதும் கூவுகிற மாதிரியே கூவினார். ஸ்விட்ச் விழவில்லை.

அவர் நிற்கிறார். தணிகாசலத்துக்குப் புரிந்தது. பதில் வராமல் அவர் கை வைக்கமாட்டார். செத்தும் வைக்கமாட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஏழுக்குள் மோசஸ் வந்துவிடுவார். அவனுக்கு அழுகை வந்தது. அந்த மனுஷன்மேல் முதன்முறையாக உண்மையான துக்கம் வந்தது. பல்லைக் கடித்தான். உதட்டை மடித்துப் பல்லுக்குள் வைத்து ரத்தம் வரக் கடித்தான். மூச்சுகூட விடவில்லை.

சுவருக்கு அப்பால் அவர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

அப்போது மிஷினின் மறுபக்கத்திலிருந்து, அவன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கி, 'நைனா'வை இழுத்து, தணிகாசலத்தின் குரல் சொன்னது:

"வுடு நைனா."