அடிப்பலகை

கனிஷ்காவின் பெருவிரல் விண்விண் என்று தெறித்தது. காலையிலிருந்து போல்ட் திருகிய வலி. வயிறும் எரிந்தது. அது பசியால் இல்லை.

"மூளைன்னா இது மூளைடா!" என்று அப்பா தணிகாசலம் பேச்சிராஜின் தலையைத் தடவினார்.

தண்டலத்தில் அவர்களுடையது சின்ன மரப்பட்டறை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் மெஷின் ஒன்று உண்டு. அதை ஓட்டுகிறவர் நம்பிராஜன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் பையன்தான் பேச்சிராஜ். கனிஷ்காவோடு ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

மெஷினில், செதுக்கும் மரத்துக்குக் கீழே அடிப்பலகை என்று ஒன்று கிடக்கும். கட்டர் ஆழமாக இறங்கினால் மெஷின் மேடைக்குப் பதில் அதுதான் வெட்டு வாங்கும்.

"அடியில கெடக்கதால அடிப்பலகையா, அடி வாங்குததால அடிப்பலகையா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவனும் பேச்சிராஜ்தான். கனிஷ்கா மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது வந்திருப்பது கல்யாண ஆர்டர். மாங்காய் வடிவத் தட்டுகளில் பெயர் செதுக்க வேண்டும். வளைந்த தட்டை எப்படிப் பிடித்து வைப்பது? கொஞ்சம் நகர்ந்தாலும் தட்டு பாழ்.

பலகை முழுக்க வரிசையாகத் துளை போட்டால், வேண்டிய இடத்தில் முளைக்குச்சி நடலாம் என்று பேச்சிராஜ் சொன்னான். அதற்குத்தான் இந்தத் தடவல்!

குச்சிகளுக்கு நடுவே தட்டு உட்கார்ந்தது. ஆனால் லேசாக ஆடியது.

"சீக்கிரம்பா, கரண்ட் பூடும்!" என்றார் அப்பா.

"இடுக்குல வட்டமா ஒரு மரச்சில்லு வச்சு, நடுவுல போல்ட் போட்டு முடுக்குவோம்," என்றார் நம்பிராஜன். "பாப்பா, சில்லுக்கு நடுவுல குறி போட்டுக் குடு."

நடு எது என்று கனிஷ்காவுக்குத் தெரியும். வேண்டுமென்றே விரலளவு தள்ளிக் குறித்தாள். 'ஆடட்டும். இவன் பலகையில தட்டு நல்லா ஆடட்டும்.'

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்த நம்பிராஜன், குறி இருந்த இடத்தில் அப்படியே துளை போட்டார்.

"இன்னா கண்ணு, கோணலா கீது?" என்றார் அப்பா. கனிஷ்கா தரையைப் பார்த்தாள்.

பேச்சிராஜ் சில்லைப் போல்ட்டில் மாட்டிச் சுற்றினான். அது நேராகச் சுற்றவில்லை. ஒரு பக்கம் தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து தட்டை நெருக்கியது. தட்டை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை.

"ஏட்டி, எவ்வளவு இடுக்கு இருந்தாலும் சுத்துனா போதும்லா! நீ பெரிய ஆளுதான்!" என்று குதித்தான்.

"பின்ன? யாரு பொண்ணு!" என்றார் அப்பா.

காலையிலிருந்து அவள் ஏங்கிய வார்த்தை. ஆனால் அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் யோசிச்சு செய்யலப்பா," என்றாள். "இவன் பலகை கெட்டுப் போவணும்னுதான் தள்ளிக் குறிச்சேன்."



"அப்ப இன்னிக்கி அடி வாங்க வேண்டியது பலகை இல்ல," என்று அப்பா அவளை முறைத்தார்.

பேச்சிராஜின் முகம் சுருங்கியது. பிறகு சொன்னான்: "நாளைக்கும் எம்மேல பொறாமப்படு. இன்னும் ஏதாவது கெடைக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தட்டை வைத்தாள். அவன் குச்சி நட்டான். அவள் சில்லைச் சுற்றினாள். விரல் வலிக்கவில்லை.

'ஸாரி' மட்டும் நாக்கு நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. பேச்சிராஜுக்கு அவள் தர வேண்டிய அந்த ஒரு ஸாரி இன்னும் பாக்கி.