எடைக்கல் கேட்காத வரைபடம்

காலை ஒன்பது மணிக்கு கடற்படை வரைபட ஆபீஸின் பெட்டகத்திலிருந்த தகரக் குழாயைத் திறந்தபோது உள்ளே ஒரு வரைபடம் இருந்தது. இருக்க வேண்டிய வரைபடம்தான் இல்லை.

கமாண்டர் அதை வெளியே உருவினார். எதிரிக் கப்பல் நுழையாதபடி துறைமுகத்தைச் சுற்றிக் கடலில் கண்ணிவெடி போட்டிருந்தார்கள். நடுவே பத்திரமாகப் போக ஒரே ஒரு வழி. அந்த வழியைக் காட்டும் படம் போய், அதே துறைமுகத்தின் பழைய, செல்லாத படம் குழாய்க்குள் வந்திருந்தது.

"இது நம்ம இழுப்பறையில தட்டையாக் கிடந்த பழசு. உள்ள இருக்கறவன் வேலை" என்றார் கமாண்டர். "ராத்திரி வரைக்கும்தான் நமக்கு நேரம். நிஜப் படம் அக்கரையில இருக்கற எதிரி கைக்குப் போச்சுன்னா அவங்க நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. ஊரே தூங்கிட்டிருக்கும்."

பழைய படத்தை வரைவு அறை மேசையில் விரித்துப் போட்டார். பக்கத்து மேசையில் இன்னொரு படம், நாலு மூலையிலும் பித்தளை எடைக்கல் வைத்து விரித்திருந்தது.

பாதுகாப்பு அதிகாரி குனிந்து பார்த்தான். உயரத்துக்காக எல்லாரும் அவனை நெட்டை என்பார்கள். பழைய படம் எந்தக் கல்லும் இல்லாமல் மேசையோடு ஒட்டிப் படுத்திருந்தது. அதன் ஓரத்தை விரலால் தூக்கிவிட்டுப் பார்த்தான்; மறுபடி படுத்துக்கொண்டது. நிமிர்ந்தான்.

"விசாரிக்கலாம் சார்" என்றான்.

முதலில் பெட்டக அறைக் காவலர்.

"நேத்து அந்தக் குழாயை யார் எடுத்தா?"

"காலைல அச்சுக்காரர். மத்தியானம் படம் வரையற கோணல் சார். ரெண்டு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்கய்யா."

"வாங்கும்போது பார்த்தீங்களா?"

"உள்ள தாள் இருக்கான்னு எட்டிப் பார்த்தேன்."

"என்ன தாள்னு?"

"அதை நான் பார்க்கக்கூடாதுங்களே. பார்த்தா வேலை போயிடும்."

அடுத்து அச்சுக்காரர். வரும்போதே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். விரலெல்லாம் கறுப்பு.

"தலைமுடியிலகூட மைதான் சார். எங்க தொட்டாலும் அங்க என் விரல் இருக்கும். என் மாமியாரே சொல்வாங்க, நீ திருடப் போனா வீட்டுக்காரனுக்கு விலாசம் எழுதி வெச்சுட்டு வருவேன்னு."

நெட்டை பழைய படத்தின் ஓரங்களைப் பார்த்தான். ஒரு கறை இல்லை.

கடைசியாகப் படம் வரைபவன் வந்தான். கோடு அத்தனையும் நேராக இழுப்பான்; கையெழுத்து மட்டும் சாய்ந்து விழும். அதனால் கோணல்.

"என்ன மச்சான், என்னையுமா?"

"எல்லாரையும்தான்."

"திருத்தம் போட்டேன், சுருட்டினேன், குடுத்தேன். வேற என்னடா?"

சிரித்தான். உதட்டோரம் துடித்தது. ஒரு புயலில் கப்பல் கவிழ்ந்தபோது நெட்டையின் சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு கரை வரை நீந்தியவன் அவன்.

"சரி, போ" என்றான் நெட்டை.

கமாண்டர் பொறுமை இழந்திருந்தார். "அந்த அறையில தனியா நின்னது காவலாளி ஒருத்தன்தான். ராணுவ போலீஸைக் கூப்பிடுங்க. யுத்த நேரம், விசாரணையெல்லாம் கிடையாது. சுவரோரமா நிக்க வெச்சுச் சுட்டுடுவாங்க."

காவலர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படியே நெட்டையின் கையைப் பிடித்தார். "ஐயா, நீங்களாவது சொல்லுங்கய்யா. இத்தனை வருஷமா என்னைப் பார்க்கறீங்களே."

பிடித்த கை ஜில்லென்று இருந்தது. நெட்டை அவரைத் தூக்கி நிறுத்தினான். வாயைத் திறந்தால் நண்பன் சாவான். மூடிக்கொண்டால் இந்த மனிதர் சாவார், ராத்திரி ஊர் சாகும்.

"சார், இவரை விடுங்க. எல்லாரையும் வரைவு அறைக்குக் கூப்பிடுங்க."

எல்லாரும் வந்து நின்றார்கள். நெட்டை பக்கத்து மேசைப் படத்திலிருந்து ஒரு எடைக்கல்லை எடுத்தான். மூலை சடாரென்று எழும்பிச் சுருண்டது.

"நம்ம ஆபீஸ்ல படம் உள்பக்கம் இருக்கற மாதிரிதான் சுருட்டணும். போறவன் வர்றவன் கண்ணுல படக்கூடாதுன்னு சட்டம். அப்படிச் சுருட்டினது விரிச்சா மேல எழும்பும். ஆனா இந்தப் பழசைப் பாருங்க. எதுவுமே வைக்காம அடங்கிக் கிடக்கு. இதைப் படம் வெளிப்பக்கம் இருக்கற மாதிரி சுருட்டியிருக்காங்க. ஓரம் மேசையைப் பார்த்து வளையுது."

"எவன் அப்படிச் சுருட்டுவான்?" என்றார் கமாண்டர்.

"கடல் அளக்கற கப்பல்ல வேலை பார்த்தவன். ஆடற மேசையில எடைக்கல் நிக்காது சார். அதனால அங்க இப்படித்தான் சுருட்டுவோம். அவசரத்துல கை பழைய பழக்கத்துக்குப் போயிடும்."

"அந்தக் கப்பல்லேர்ந்து வந்தவங்க இங்க யாரு?"

"ரெண்டே பேர். ஒருத்தன் நான். நேத்து முழுக்க உங்களோட துறைமுகத்துல இருந்தேன்."

கையிலிருந்த எடைக்கல்லைத் திரும்ப மூலையில் வைத்தான்.

"சொல்லேன்டா" என்றான் கோணல். "இவ்வளவு சொல்லிட்டு எதுக்கு நிறுத்தற?"

"இன்னொருத்தன் இவன், சார்."

போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். கோணல் திமிறவில்லை.

"மூலையில நிக்குதே வெள்ளைத்தாள் சுருள், அதுக்கு நடுவுல இருக்கு. சாயங்காலம் குப்பை வண்டியில போறதா ஏற்பாடு." பிறகு நெட்டையைப் பார்த்துச் சொன்னான்: "தங்கச்சியைப் பிடிச்சு வெச்சிருக்காங்கடா. அக்கரையில கட்டிக் குடுத்தப்போ நடுவுல யுத்தம் வரும்னு யார் கண்டா? படம் வந்தா அவளை விடுவோம்னாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

நெட்டை மூலையை நோக்கி நடந்தான்.

சுருளைப் பிரித்ததும் படம் முழுசாகக் கிடைத்தது. காவலர் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வாசலில் வாங்கி வைத்திருந்த கோணலின் செல்போனைக் கமாண்டர் வரவழைத்தார். கைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. கமாண்டர் திரையைப் பார்த்தார், நெட்டையிடம் நீட்டினார்.

"இவன் தங்கச்சி கூப்பிடறா. அண்ணனை நம்பிப் பேச விட முடியாது. நீங்க பேசுங்க. உங்களைத் தெரியுமா?"

"தெரியும் சார். என்னைச் சின்னண்ணான்னுதான் கூப்பிடுவா."

"படம் கிளம்பிடுச்சுன்னு சொல்லுங்க. அவங்க கப்பல் வரட்டும். நாம காத்திருப்போம்."

நெட்டை காதில் வைத்தான்.

"அண்ணா?" குரல் கிசுகிசுத்தது. "பக்கத்துலயே நிக்கறாங்கண்ணா. படம் கிளம்பிடுச்சான்னு கேக்கறாங்க."

கோணல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை, பயம் மட்டும்தான். படம் வரவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் தங்கச்சியை விட்டுவைக்க மாட்டார்கள்.

"கிளம்பிடுச்சும்மா" என்றான் நெட்டை.

அவள் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. "சின்னண்ணனா பேசறது? அப்பாடா. நீயும் கூட இருக்கேன்னா எனக்குப் பயமில்லை. என்னை எப்போ விடுவாங்கன்னு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடுங்கி வைத்தார்கள். நெட்டை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் கோணலைப் பார்க்க வேண்டியிருக்கும்.