நானூற்றுப் பதினேழாம் பெட்டி

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் பத்ருன்னிசா முதலில் கையில் எடுப்பது பிளேடைத்தான். புதிதாக வந்த பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் ஒட்டியிருக்கும் எண் ஸ்டிக்கரை நகக்கண் அளவுகூட மிச்சமில்லாமல் சுரண்டிவிடுவாள். அதற்கப்புறம்தான் டீ. சென்னை ரிச்சி தெருவில் ஆக்கப்பெட்டி வியாபாரம் செய்கிற அத்தனை பேருக்கும் பாலபாடம் இதுதான். எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, எண்ணைச் சுரண்டு, பிறகு விலை பேசு.

ஆக்கப்பெட்டி என்றால் அந்தக் காலத்து டெவ்கிட். வீடியோ கேம்களை மனிதர்களே உட்கார்ந்து உருவாக்கிய நாட்களில், அதற்கென்று கம்பெனிகள் இரவல் கொடுத்த கனமான இயந்திரம். ‘கம்பெனிச் சொத்து, விற்பனைக்கு அல்ல’ என்று முதுகிலேயே அச்சடித்திருக்கும். எண் தெரிந்தால் எவனாவது உரிமை கொண்டாடி வந்துவிடுவான் என்ற பயத்தில் ஆரம்பித்தது இந்தச் சுரண்டல். உரிமை கொண்டாட வேண்டிய கம்பெனிகள் மண்ணோடு மண்ணாகி முப்பது வருடம் ஆகிறது. பழக்கம் போகுமா, சொல்லுங்கள்?

2093-இல் யாரும் விளையாட்டை உருவாக்குவதில்லை. அது ஓடையில் வருகிறது. கண்வில்லையைப் போட்டுக்கொண்டு ‘ஒரு ஆட்டம்’ என்று நினைத்தால் போதும், அந்த நிமிடமே உங்களுக்கென்று ஒன்றை ஓடை ஊற்றும். உங்கள் நாடித்துடிப்பைப் பார்த்தபடியே ஊற்றும். நீங்கள் தோற்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் எதிரி கால் தடுக்கி விழுவான். ஆடி முடித்ததும் ஆட்டம் கரைந்துபோகும். அதே ஆட்டம் இன்னொருவருக்கு வராது, உங்களுக்கே மறுபடி வராது. இப்போதுள்ள கருவிகள் ஓடையின் ஒப்பமுத்திரை இல்லாத எதையும் திறப்பதுமில்லை. யார் வைத்ததையும் முத்திரை கேட்காமல் திறக்கத் தெரிந்தவை பழைய ஆக்கப்பெட்டிகள் மட்டும்தான்.

அதனால்தான் அவற்றுக்கு அத்தனை கிராக்கி. ஆனால் வாங்குகிறவன் ஒருவனும் அதைப் போட்டுப் பார்க்க மாட்டான். மின் துளையின் மேல் ஈயத்தாளால் ‘உறக்க முத்திரை’ குத்திக் கண்ணாடிக்குள் வைத்துவிடுவான். உறக்கம் கலையாத பெட்டிக்குத்தான் மதிப்பு. ஒருமுறை விழித்துவிட்டால் பாதி விலைக்குக்கூட நாதியில்லை. பத்ரு இந்தத் தொழிலுக்கு வந்து முப்பத்தோரு வருடம். இருநூறு பெட்டிக்கு மேல் விற்றிருக்கிறாள், ஒன்றுகூட விழித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு டீ ஆறிப்போனதற்குக் காரணம் அவளுடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா. கமருன்னிசா, வயது அறுபத்திரண்டு, வாயைத் திறந்தால் தேள்கொடுக்கு. ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் விளையாட்டு ஆக்குகிறவளாக இருந்தாள். ஏழு வருடம் உழைத்து ஒரு விளையாட்டை முடித்த வாரத்திலேயே ஓடை வந்து நிறுவனம் மூடிக்கொண்டது. ஒரே ஒரு மனிதர்கூட அதை ஆடிப் பார்க்கவில்லை. வீடு திரும்பியவள் அதைப்பற்றி அப்புறம் மூச்சுவிடவில்லை. தங்கை கடையின் மாடியில் துணி தைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

அவளுடைய தையல் மெஷின் மக்கர் பண்ணியதால் ரிப்பேர்க்காரர் எட்வின் வந்திருந்தார். மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் கமருவின் பெயர் எழுதிக் கிடந்த நினைவுத்தட்டை அவர்தான் கண்டெடுத்தார். ஆட்டத்தைத் திறக்காமல் தட்டு கெட்டதா என்று மட்டும் சொல்லும் தன் சோதனைக் கருவியில் செருகிப் பார்த்துவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

“பத்ருக்கா! உங்க ராத்தா கேம் உள்ள உசுரோட இருக்கு. ஒரு எழுத்துகூட அழியல.”

“அட! அப்ப ஒரு பெட்டில ஏத்து. நம்ம கடைல இல்லாத பெட்டியா?”

பின்னாலேயே இறங்கி வந்த கமரு சிரித்தாள். “ஏறாது, புள்ள. வெளில கசியக் கூடாதுன்னு அவங்கவங்க பெட்டி நம்பரோட சேத்துப் பூட்டுவோம். என்னுது நானூத்திப் பதினேழு. அந்த நம்பர் பெட்டில மட்டும்தான் தொறக்கும். அத எப்பவோ நசுக்கித் தகரமாக்கியிருப்பானுங்க, விடு.”

“நம்பரப் பாத்தாத்தான் எது உங்க பெட்டின்னு தெரியும், இல்ல?” என்றார் எட்வின். “ஸ்டிக்கர்ல இருக்கும். ஸ்டிக்கர் இல்லாட்டி, பெட்டிய எழுப்பினா திரை மூலைல வரும்.”

பத்ரு டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். தொழிலுக்கு வந்த புதிதில் அவள் வாங்கிய முதல் சரக்கு, தரகர் ஒருவர் சாக்கில் கட்டிக்கொண்டுவந்த பதினோரு பெட்டிகள். ராத்தாவின் நிறுவனம் மூடிய அதே சமயம்தான் அது; சாக்கின் மேல் கோவை லாரி ஆபீஸ் சீட்டு ஒட்டியிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. கேட்டாளா? கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே பாடம்! பதினோரு எண்களையும் ஒரே மூச்சில் சுரண்டித் தள்ளி, பதினொன்றையும் இந்த ஊர்ச் சேகரிப்பாளர்களுக்கே விற்றாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

“ராத்தா, உன் பெட்டி நசுங்கல,” என்றாள் கடைசியில். “நான்தான் வித்தேன். நம்பர சுரண்டினதும் நான்தான்.”

கமரு எட்வின் கையிலிருந்த தட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேரே படியேறிப் போனாள். சிறிது நேரத்தில் மேலே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் எழும்பூரில் பெட்டிச் சந்தை. வருடத்துக்கு ஒருமுறை ஊரிலுள்ள சேகரிப்பாளர்கள் எல்லாம் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒருவர் வயிற்றெரிச்சலை ஒருவர் கொட்டிக்கொள்ளும் திருவிழா. இந்த முறை அதில் ஒரு விசேஷம் இருந்தது. இருபத்திரண்டு பெட்டிகளுக்குச் சொந்தக்காரரான சோமசேகரன் தம் சேகரிப்பு முழுவதையும் ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்போகிறார். அவர்கள் பெட்டிக்குள் கண்ணாடிபோல் இறுகும் தெளிபிசினை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். ஆயிரம் வருடம் கெடாது. ஆயிரம் வருடம் விழிக்கவும் விழிக்காது.

கூடத்தில் மொத்தம் அறுபத்து மூன்று பெட்டிகள். பத்ரு நாற்காலி மேல் ஏறி நின்று விஷயத்தைப் போட்டு உடைத்தாள். எல்லாப் பெட்டியையும் ஒருமுறை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்றாள். கூடமே கொல்லென்று சிரித்தது.

“என்னம்மா பத்ரு, காலைல நல்லாத்தானே இருந்தே?” என்றார் சோமசேகரன். “தூங்கற பெட்டிய எழுப்பக் கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்ததே நீதானே?”

“ஆமா சார், நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்.”

அவள் தன் மேசைக்குப் போனாள். அங்கே அவளுடைய ‘வெள்ளைக் கோபுரம்’ என்ற பெட்டி நின்றது. அந்த வகையில் உலகத்தில் மூன்றே மூன்றுதான் மிச்சம். யார் எவ்வளவு கேட்டும் அவள் விற்காதது. தினமும் சுரண்டுகிற அதே பிளேடை எடுத்து, உறக்க முத்திரையை ஒரே இழுப்பில் கிழித்தாள். யாரோ “ஐயோ!” என்று அலறினார்கள். எட்வின் மின்கம்பியைச் செருகினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஒரு விசிறி தொண்டையைச் செருமிக்கொண்டு சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து சுரத்தில் ஒரு சின்ன மெட்டு ஒலித்தது. திரையின் மூலையில் 96 என்று எண் வந்தது. விற்காத பெட்டி நானூற்றுப் பதினேழாக இருக்காது என்று தெரிந்தேதான் கிழித்தாள். வாழ்நாள் பொக்கிஷம் போனது போனதுதான்.

ஆனால் கூடத்தில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. இருபது வருடமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தங்கள் பெட்டிக்குக் குரல் உண்டு என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. போரூர் அலர்மேலு அம்மாள் முன்னால் வந்தார், கண் கலங்கியிருந்தது.

“என்னுதும் இப்படிப் பாடுமா?”

“எழுப்பினாத் தெரியும்மா,” என்றார் எட்வின்.

அலர்மேலு அம்மாளின் பெட்டி வேறு மெட்டில் பாடியது. அவ்வளவுதான், அணை உடைந்தது. ‘என்னுது, என்னுது’ என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கினார்கள். நாற்பத்தோரு பெட்டிகள் விழித்துப் பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டிருந்தன. நானூற்றுப் பதினேழு மட்டும் வரவில்லை.

மீதி சோமசேகரனின் இருபத்திரண்டு. அவர் மேசைக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார். அருங்காட்சியகத்து ஆள் ஒப்பந்தத் தாளோடு பக்கத்திலேயே இருந்தான்.

“விழிச்ச பெட்டிய இவங்க வாங்க மாட்டாங்கம்மா. நாலு வருஷம் பேசி முடிச்ச விஷயம். என்னை வற்புறுத்தாதே.”

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமரு வந்தாள். ‘நான் ஒண்ணும் வரமாட்டேன்’ என்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டவள்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இத்தன வருஷம் வச்சிருந்தீங்களே, உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாச்சும் பாக்கத் தோணலையா?”

சோமசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். “தினமும் தோணும்மா,” என்றார். “தினமும்.”

அவரே திரும்பி, தம் கையாலேயே முதல் முத்திரையைக் கிழித்தார். அது இல்லை. இரண்டாவது, மூன்றாவது இல்லை. ஐந்தாவது புகைந்து அடங்கியது, பத்ருவின் உயிரும் கூடவே அடங்கப் பார்த்தது. ஒன்பதாவது பெட்டி மெட்டே போடாமல் விழித்தது. திரையின் மூலையில் மங்கலாக மூன்று இலக்கங்கள்: 417.

பத்ரு கத்திய கத்தலில் அடுத்த கட்டடத்துக் காவலாளி ஓடிவந்தார். கமரு கத்தவில்லை. இடுப்பிலிருந்து நினைவுத்தட்டை எடுத்தாள். செருகுகிற இடம் இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை உள்ளே போனது.

திரை முழுக்க வானம் விரிந்தது. கீழே மொட்டை மாடிகள், கொடிகளில் துணி, தண்ணீர்த் தொட்டிகள். ‘மாடி வானம். ஆக்கம்: கமருன்னிசா.’ இரண்டு காத்தாடிகள் இரண்டு மாடிகளிலிருந்து மேலே ஏறின.

“ரெண்டு பேர் ஆடணும்,” என்றாள் கமரு. “யாரு வர்றீங்க?”

சோமசேகரன் உட்கார்ந்தார். தம் வாழ்நாளில் ஓடையின் ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காத மனிதர். நம்பிக்கையாகத்தான் நூலை இழுத்தார். கமரு ஒரு சுற்று சுற்றி, நூலைத் தளர்த்தி, வெடுக்கென்று இழுத்தாள். அவருடைய சிவப்புக் காத்தாடி அறுந்து, தள்ளாடித் தள்ளாடித் திரைக்கு வெளியே போய்விட்டது. நடுவில் எழுத்து வந்தது: ‘தோற்றீர்கள்.’

கூடம் திகைத்துப்போனது. அந்தச் சொல்லைத் திரையில் பார்த்த ஞாபகமே பாதிப் பேருக்கு இல்லை. அது போகட்டும், இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டத்தைப் பார்த்ததாகவும் யாருக்கும் ஞாபகமில்லை. சோமசேகரன் திரையையே வெறித்தார். காது சிவந்தது. பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“தோத்துட்டேன்யா!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “பாத்தீங்களா? நெஜமாவே தோத்துட்டேன்! இன்னொரு ஆட்டம்மா, விட மாட்டேன்.”

“சார், கையெழுத்து...” என்று அருங்காட்சியகத்து ஆள் தாளை நீட்டினான்.

“தம்பி, பெட்டி முழிச்சுக்கிச்சே. இனிமே எங்க விக்கிறது? நீயும் போய் வரிசைல நில்லு.”

வரிசை கூடத்தைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கித் தெருவரைக்கும் போனது. தோற்றவர்கள் வெளியே வந்து, எப்படித் தோற்றார்கள் என்று கையை வீசி வீசி அடுத்தவருக்குச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கும் அந்த ஆட்டம் புரிந்தது. விழித்த மற்றப் பெட்டிகளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் குந்திக்கொண்டு, ‘இதுல நாமளே ஒண்ணு செஞ்சா ஓடுமா?’ என்று எட்வினைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடும் என்று அவர் சொல்லி வாய் வலித்துப்போனது.

பத்ரு ஒரு மார்க்கர் பேனாவைத் தேடிப் பிடித்தாள். ஒன்பதாவது பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, முப்பத்தோரு வருடம் முன்னால் தானே சுரண்டிய வழவழப்பான இடத்தில் 417 என்று பெரிதாக எழுதினாள். எழுதிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்காரப் பார்த்தாள்.

“எந்திரி,” என்றாள் கமரு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ராத்தா, நான் உன் தங்கச்சி!”

“அதனாலதான் சொல்றேன். நீ முப்பது வருஷம் என்னைக் காக்கவச்ச. போய் வரிசைல வா, புள்ள.”

பத்ரு சிரித்துக்கொண்டே படியிறங்கித் தெருவுக்குப் போய், கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய முறை வர மூன்று மணி நேரம் ஆனது. அவளும் தோற்றாள்.