நாற்பதாவது கேள்விக்குப் பிறகு

“உங்க குணத்தேர்வு ரிசல்ட்ல என்ன வந்திருக்குன்னு தெரியுமா?”

“என்ன மேடம்?”

“‘கூர்மையான பார்வை. ஆனால் தனக்கென்று எதையும் வாய் திறந்து கேட்கமாட்டார்.’”

“அதெல்லாம் கம்ப்யூட்டர் விடுற கதை.”

“அப்படியா? ஏதாவது கேளுங்க, பார்ப்போம்.”

அவன் வெகுநேரம் யோசித்தான். “இந்தப் பேனாவைத் திருப்பித் தரணுமா?”

எச்.ஆர். மேடம் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. மென்பொருளில் ‘பக்’ எனும் தவறுகளைக் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர், பூச்சிபிடி. அந்தப் பேனா இன்னும் அவன் சட்டைப் பையில் இருந்தது. கேட்க வேண்டியதும் அதன் பக்கத்திலேயே இருந்தது.

காலை 11.05. எச்.ஆர். மேடம் அவனைக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

வேலை கேட்டு வந்த பத்துப் பேருக்கு அன்று குணத்தேர்வு. எண்பது கேள்விகள். பக்கத்துக்குப் பத்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பக்கம் திறக்கும். ஆளைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடக் கூடாதென்று திரையில் பெயரே வராது. மூன்றாம், நான்காம் கம்ப்யூட்டர்களின் முடிவு மட்டும் சிவப்பில் வந்திருந்தது: ‘முன்னுக்குப் பின் முரண். நம்ப முடியாது.’

“ரெண்டு பேருமே கோடிங்ல கெட்டிக்காரங்க,” என்றாள் மேடம். “பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பச் சொல்றார்.”

சொன்னவர் மேனேஜர். நெற்றி வியர்க்க நின்றிருந்தார். “யாரோ உள்ள புகுந்து பதிலை மாத்தியிருக்கான். நாற்பது கேள்வி முடிஞ்சதும் 10.20க்குத் தீ அலாரம் அடிச்சு எல்லாரும் வெளிய போனோமே, அப்போதான்!”

அலாரம் அடித்தது அவர் கருக்கிய ரொட்டியால். அதை யாரும் சொல்லவில்லை.

“அறை பூட்டியிருந்துச்சு சார்,” என்றாள் மேடம். “எல்லாரும் ஓடினதுல ரெண்டு நாற்காலி உருண்டு வந்து கதவை மறிச்சுது. மறுபடி மேசைகிட்டத் தள்ளிட்டு நான்தான் பூட்டினேன்.”

“சாவி?”

“என் கையிலதான்.”

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை பூச்சிபிடிக்குப் பிடிக்கவில்லை.

11.20. சிவப்பில் வந்த இருவரையும் அழைத்தான். முதலில் இளைஞன்.

“திரும்பி வந்தப்போ ஏதாவது மாறியிருந்துச்சா?”

“மவுஸ் இடது பக்கம் இருந்துச்சு சார். எடுத்து வலது பக்கம் வச்சுக்கிட்டேன்.”

“பார்த்தீங்களா! ஆள் புகுந்திருக்கான்!” என்று மேனேஜர் மேசையைத் தட்டினார்.

அடுத்து அந்தப் பெண். “நான் இடது கைக்காரி. முதல்லயே மவுஸை இந்தப் பக்கம் மாத்தி வச்சேன். திரும்பி வந்து பார்த்தா வலது பக்கம் போயிருந்துச்சு.”

“உங்க இடம்தான்னு எப்படித் தெரிஞ்சுது?”

அவள் விழித்தாள். “என் ஸ்வெட்டர் அந்த நாற்காலியிலதானே தொங்குச்சு?”

“என் பையும் என் நாற்காலியிலதான் இருந்துச்சு,” என்றான் இளைஞன்.

பூச்சிபிடி கம்ப்யூட்டரில் நாற்பதாவது கேள்வி வரை ஒரு கம்ப்யூட்டரின் பதில்களும், அதற்குப் பின் பக்கத்துக் கம்ப்யூட்டரின் பதில்களுமாக வெட்டி ஒட்டினான். மறுபடி மதிப்பிடச் சொன்னான். இரண்டும் பச்சை.

“ஏழாவது கேள்வி, ‘கூட்டம் பிடிக்குமா?’ ஐம்பத்திரண்டாவது, ‘தனியா இருந்தாத்தான் நிம்மதியா?’ ஒரே ஆள் ரெண்டுக்கும் ஆமான்னா பொய்னு தேர்வு நினைக்கும். ஆனா பாதிக்கு மேல ஆளே மாறிட்டாங்க. பெயர் இல்லாத திரை, ஒரே பக்கம், பக்கத்துப் பக்கத்து மேசை. பொருளைப் பார்த்து உட்கார்ந்தாங்க. நாற்காலி இடம் மாறினதை யாரும் பார்க்கல. உள்ள யாருமே புகலை சார்.”

“அப்போ குற்றவாளி யாரு?” என்றார் மேனேஜர்.

“நாற்காலியைத் தள்ளிவிட்டவங்க.”

மேடம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயையோ, நானா!”

“அலாரத்தை அடிக்க வச்சவங்களுக்கும் பங்கு உண்டு,” என்றான் அவன். மேனேஜருக்குத் திடீரென்று ஒரு அவசர வேலை நினைவுக்கு வந்தது.

11.50. வேலை கிடைத்த இருவரும் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். இம்முறை அவரவர் பொருளைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு.

அறையில் இருவர்தான் மிச்சம். மேடத்தின் போன் ஒலித்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“அண்ணி. மாப்பிள்ளை போட்டோ அனுப்பியிருக்காங்க, சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம்.” பிறகு அவனை நேராகப் பார்த்தாள். “என் மானத்தைக் காப்பாத்தினதுக்கு என்ன வேணும்? வழக்கம்போல ஒண்ணும் வேணாம்தானே? தேர்வு பொய் சொல்லாது.”

“இன்னைக்கு ரெண்டு பேர் விஷயத்துல சொல்லுச்சே,” என்றான் பூச்சிபிடி.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் முன் வைத்தான்.

“என்னைக் கட்டிக்கிறீங்களா?”